கட்டத்துக்குள் ஒரு பேர்

நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. நாலு மாசமாக அந்தத் தொகை காசாளர் அறைச் சுவரில், முற்றத்திலிருந்தே தெரியும் கறுப்புக் கணினித் திரையில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மேலும் கீழும் எல்லா வரியும் பச்சை.

வரியின் தலையில் 37. சுமை இறக்கும் நெட்டையரின் டோக்கன் எண் அது. பேரும் விவரமும் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். ஐம்பது வயசுக்கு மேல் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர்தான் அவர். ஆனால் கட்டத்தை வாசிக்க எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

வாசிக்கவும் தேவையில்லை. அந்தத் தொகை ஏறிய அதே வாரம்தான் அவர் தோளிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டி நழுவி நொறுங்கியது. அதற்கான அபராதம்தான், வேறென்ன? அடுத்தவன் டோக்கன் எண்ணை யார் மனப்பாடம் பண்ணப்போகிறார்கள்? பேர் கட்டமாக இருக்கும்வரை மானம் பத்திரம்.

சம்பளம் பேங்குக்கே போய்விடுவதால் காசாளரம்மாவின் ஜன்னல் பக்கம் தலைகாட்ட வேண்டியதில்லை. சனிக்கிழமை ஜன்னல் திறந்தால் நெட்டையர் பின்கேட் வழியாகக் கம்பி நீட்டிவிடுவார். அம்மா தேடுவதாகக் கூட்டாளிகள் வந்து சொல்வார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது. ஒருத்தர் கணக்கை இன்னொருத்தரிடம் சொல்கிற வாய் இல்லை அந்தம்மாவுக்கு.

இன்று திரையைச் சரிசெய்ய ஒரு பெண் வந்திருந்தாள். காசாளரம்மா டீ வாங்கப் போன நேரம் பார்த்து நெட்டையர் உள்ளே நுழைந்தார்.

"ஏம்மா, அந்தக் கட்டம் அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. பார்க்க லட்சணமாத்தானே இருக்கு."

அவள் சிரித்தாள். இப்போது இருக்கும் எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது, வேறு போட்டால் பேர் பேராகவே வந்துவிடும் என்றாள்.

"சிவப்பையாவது எடுத்துடும்மா."

"முடியாதுண்ணே. காசாளரம்மா கேட்டு வாங்கின கலர் அது. சிவப்பா இருந்தாத்தான் அவங்களுக்கு மறக்காதாம்."

நெட்டையரின் குரல் இறங்கியது. பேர் தெரிந்தால் ஆள்களுக்கு முன்னால் நிமிர்ந்து நடக்க முடியாது, மூணு தவணையில் கட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினார். அதற்குள் அவள் விரல் தட்டிவிட்டது. கட்டங்கள் போய் எழுத்துகள் வந்து உட்கார்ந்தன.

வாசலில் கூட்டாளிகள் நாலு பேர். அவர்களை விலக்கிக்கொண்டு டீ தம்ளரோடு காசாளரம்மா. இந்த அறைக்குப் பின்கேட் கிடையாது.

"நீங்களே படிங்கண்ணே," என்றாள் அந்தப் பெண்.

முதலில் அவர் பேர். விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே போனார்.

"ஓவர்... டைம்... கூலி... பாக்கி."

மறுபடியும் கூட்டிப் பார்த்தார். அதேதான் வந்தது.

"அப்போ... அந்தக் கண்ணாடிப் பெட்டி?"

"அதை அன்னைக்கே தள்ளுபடி பண்ணியாச்சு." காசாளரம்மா இழுப்பறையிலிருந்து ஓரம் கசங்கின கவர் ஒன்றை எடுத்து நீட்டினாள். "ஓவர்டைம் பேங்குக்குப் போகாது, கையிலதான் கொடுக்கணும். நாலு மாசமா இந்தப் பணத்தைக் கொடுக்கத்தாண்ணே உங்களைத் துரத்தறேன்."