கூம் பாஸ் போடாத கார்

“பாட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டான், ருஷா! எங்கிட்டயே!”

விதோயே, ராக்கியா என்ற பழச்சாராய பாட்டிலை மேஜையில் வைத்த வேகத்தில், குடைமிளகாய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கத்தி நின்றது.

“யாரு குடுத்தது?”

“யாரா? ஒப்ராத்! நம்ம கல்யாணத்துல என் பக்கத்துல சாட்சியா நின்னவன். நம்ம பொண்ணு யாகொதாவை ஞானஸ்நானத்துல கையில ஏந்தினவன். கூமாம், கூம்!”

அந்த ஊரில் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். அண்ணன்மேல் கேஸ் போடலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கூமிடம் குரலை உயர்த்தினால் ஊரே காறித் துப்பும். அதனால் விதோயே, கூமின் எதிரே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கத்தினான்.

ஒப்ராத்துக்கு வேலை, வண்டிகளைச் சோதிக்கும் நிலையத்தில். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் காரும் அங்கே போய் நின்றாக வேண்டும். முன்சீட்டில் வீட்டில் காய்ச்சிய ராக்கியா ஒரு பாட்டில் படுத்திருந்தால் போதும். சோதிக்கிறவர் பானெட்டைத் திறந்து, “ம்ம்… ம்ம்…” என்று முனகிவிட்டு, பாஸ் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்.

“எல்லாரும் வாங்கறானுங்க! இவன் மட்டும் பெரிய யோக்கியன்!” விதோயே மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஒப்ராத்தாக மாறினான். “‘கூமே, இது கார் இல்ல. நாலு சக்கரம் வச்ச இருமல்!’ பின்னாடி வண்டியில பாதிரியார்! அவர் தாடி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்!”

ருஷாவுக்கும் சிரிப்பு வந்தது. மிளகாயைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

“அவர் சொன்னதுல என்ன தப்பு? வசந்தத்துல ஜன்னல் கண்ணாடி கதவுக்குள்ள விழுந்து காணாமப் போச்சு. அப்புறம் கியர் குச்சி உங்க கையோட வந்துச்சு. ‘இதுதான் கடைசி ரிப்பேர், இதுதான் கடைசி ரிப்பேர்’… யாகொதா இதை ஜெபம் மாதிரி ஒப்பிக்கிறா.”

“கடலுக்குப் போயிட்டு வந்ததும் இந்த வண்டியைத் தலைமுழுகிடறேன். சத்தியமா!”

“போன கோடையிலயும் இதே சத்தியம்தான்.”

“பிள்ளை குளிர்காலம் பூரா கடல் கடல்னு கெடந்தா. மலையைத் தாண்டினா கடல். இவன் ஒருத்தன் குறுக்க நிக்கிறான்! அவன் ஏந்தின பிள்ளைம்மா அது! கொஞ்சமாவது ஈரம் இருக்கா?”

மறுநாள் அதே பாட்டிலோடு பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போனான். அங்கே பானெட்டைக்கூடத் திறக்காமல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். திரும்பி வரும்போது தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். ஹாரன் மட்டும் எப்போதும் நன்றாகவே வேலை செய்தது.

சனிக்கிழமை காலை. கார் தலைக்குமேல் குடையும் பாயும் கட்டியாகிவிட்டது. தர்பூசணி ஏறிவிட்டது. யாகொதா நீச்சல் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு பின்சீட்டில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒப்ராத் தன் காரில் வந்து இறங்கினான். விதோயேவின் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தான்.

“எங்க ஒட்டினே, கூமே?”

“மனுஷங்க இருக்கிற ஊர்ல.”

“வண்டி நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்களா?”

“சிங்கம் மாதிரி இருக்குன்னாங்க! உன் கண்ணுக்குத்தான் இருமல், தும்மல் எல்லாம் தெரியும்.”

“சரி, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்.” ஒப்ராத் தன் கார்ச்சாவியை நீட்டினான். “இந்தா. நீ என் வண்டியில கடலுக்குப் போ. ஏசி இருக்கு, பிள்ளைக்குச் சுகமா இருக்கும். உன் வண்டியை எங்கிட்ட விட்டுட்டுப் போ.”

விதோயேவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாசலில் நின்ற ருஷாவைத் திரும்பிப் பார்த்தான். ‘பாத்தியா, வழிக்கு வந்துட்டான்!’

“உனக்கு எதுக்குய்யா என் வண்டி? சும்மாதானே நிறுத்தி வைப்பே?”

“நிறுத்தறதா? நாளைக்கு மாமனார் வீட்ல விருந்து. என் பசங்க ரெண்டு பேரையும் ஏத்திட்டு மலை மேல போறேன்.”

சாவியை வாங்க நீட்டிய விதோயேவின் கை அப்படியே நின்றது.

“மலை மேலயா?”

“ஆமா.”

“நீயே ஓட்டப்போறியா?”

“பின்ன? பெரியவன் முன்னாடி உக்காந்துக்குவான்.”

“இல்ல கூமே… வேணாம்.”

கூம் கேட்டு இல்லை என்று சொல்வது அந்த ஊரில் நடக்கிற காரியமில்லை. எதிர் வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகத் திறந்தது.

“கூம் கேக்கறேன், வேணாங்கிறே?” என்றான் ஒப்ராத், குரல் உயராமல்.

“வேணாம்னா விடேன்யா!”

“காரணம் சொல்லு, விட்டுடறேன். சிங்கம்னே. ஸ்டிக்கர் இருக்கு. என்ன குறை?”

விதோயேவின் முகம் சிவந்தது. பாட்டில் திரும்பி வந்த அன்றுகூட அவனுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

“முதல் மிதியில பிரேக் பிடிக்காதுய்யா! விட்டு விட்டு மிதிக்கணும். இறக்கத்துல சில நேரம் அப்படியும் பிடிக்காது! அந்த மலையில, அந்த வளைவுல… பெத்த பிள்ளைங்களை இதுல ஏத்தறேங்கிறியே, நீயெல்லாம் ஒரு தகப்பனா?”

தெருவே கேட்டது.

பின்சீட்டு ஜன்னல் வழியாக யாகொதா தலையை நீட்டினாள்.

“அப்பா, கிளம்பலாமா?”