இரஞ்சிதத்தின் பக்கம்

1974இல் விக்டோரியாவின் தென்கரையில், மெல்பேர்னிலிருந்து நான்கு மணி நேரத் தூரத்திலிருந்த மீன்பிடி ஊரொன்றில் நான் கணித ஆசிரியனாக இருந்தேன். மனைவி இரஞ்சிதம் அங்கே ஆஸ்பத்திரியில் தாதி.

முதல் குளிர்காலத்தில், உறைபனியைக் கரைக்கக் காரின் முன்கண்ணாடியில் கொதிநீர் ஊற்றி, அதை வெடிக்க வைத்தேன். அதன் பிறகு தினமும் கோடு போடும் அடிமட்டத்தால் சுரண்டினேன்.

மறு குளிர்காலத்தில் ஒரு காலை, அவள் உட்காரும் பக்கம் மட்டும் துடைத்திருந்தது. மறுநாளும் அப்படியே. வெளுத்த புல்லில் காலடித் தடம் இல்லை.

"இஞ்சாருங்கோ, எனக்காக வெள்ளன எழும்பித் துடைக்கிறியளோ? உங்கட பக்கத்தோட என்ன கோவம்?"

இந்த ஊருக்கு வந்த பின் அவள் சிரித்தது அன்றுதான்.

"ஓம், நான்தான்" என்றேன்.

துடைப்பவன் எவனோ, அவனை முந்துவதற்காக அடுத்த நாள் ஐந்து மணிக்கே எழுந்து போனேன். அவன் துடைத்து முடித்திருந்தான்.

ஆகஸ்டில் அவள் காய்ச்சலில் படுத்தாள். அன்று கண்ணாடி முழுவதும் உறைபனி. இரு பக்கத்தையும் நானே சந்தோஷமாகச் சுரண்டினேன்.

காரை எடுக்கும்போது வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. அவள் படுத்திருந்த அறையின் ஜன்னல் மட்டும் துடைத்திருந்தது.