ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

ஞாயிறு வந்தால் மர்பி டவுன் கிளெமென்ட் பைக்கைப் பிரித்துப் போடுவார். தெருவே வேடிக்கை பார்க்கும். ஆனால் சரியான ஸ்பேனர் மட்டும் அவர் கைக்கு வராது. இன்றும் பிளக்கைக் கழற்றிவிட்டு, தெருமுனையையே பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தார்.

"பிளக் மாட்ட கட்டிங் பிளேயரா? நல்ல டூல்ஸ் வாங்கித் தொலைங்களேன்!" என்றாள் மனைவி யூனிஸ்.

"சும்மா இரு. இருக்கறத வெச்சுத்தான் பார்க்கணும்."

அதற்குள் யூனிஸின் தம்பி ஆஷ்லி வந்துவிட்டான், கையில் புத்தம்புது டூல் பாக்ஸோடு.

"மாமா, நான் பைக் கேட்டு வர்ற அன்னிக்கெல்லாம் வண்டி ரிப்பேரு. பாவமா இருந்துச்சு, வேலை கத்துக்கினேன்."

ஐந்தே நிமிடத்தில் பிளக்கை மாட்டி வண்டியைக் கிளப்பினான்.

"சாயங்காலம் வர்றேன். டூல்ஸ் உங்களுக்குத்தான்!"

பைக் தெருமுனையில் மறைந்தது. காலையிலிருந்து பேன்ட் பாக்கெட்டில் ஒளித்து வைத்திருந்த பிளக் ஸ்பேனரை எடுத்து, புது டூல் பாக்ஸில் போட்டார் கிளெமென்ட்.