ஐம்பது நாள் ஓடிய படம்

"பாப்பா, சத்தம் பத்தல. இன்னும் கொஞ்சம் ஏத்து!"

அப்பாவின் குரல் அறைக்குள்ளிருந்து வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், துணி காயும் இடத்திலிருந்து வந்தது. மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வெளிய நின்னு கேட்டா எப்படிப்பா பத்தும்? உள்ள வந்து உக்காருங்க."

"இங்க நின்னாத்தான்மா எனக்குச் சரியாத் தெரியும்."

"விடு, மாமா தியேட்டர்லயே கிடந்தவர். அவர் சொல்றபடி வை" என்றான் கணவன், ஏணியில் நின்றபடி.

ஹோம் தியேட்டர் என்று பெயர்தான் பெரிசு. உடைந்த நாற்காலியும் பழைய பக்கெட்டும் போட்டு வைத்திருந்த பின்னறை அது. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் அதோடு மல்லுக்கட்டினார்கள். மூடிப்போன டியூஷன் சென்டரிலிருந்து ஒரு புரொஜெக்டர் சல்லிசாகக் கிடைத்தது. பட்டி பார்த்து வெள்ளையடித்த சுவர்தான் திரை. அவளுடைய தையல் கடையில் மிஞ்சிய கறுப்பு லைனிங் துண்டுகள் பதினேழையும் ஒட்டுப்போட்டு ஜன்னலை மூடியாயிற்று. கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். கழற்றிப் போட்ட வேன் சீட் ஒன்றைக் கொண்டுவந்து சுவரோரம் இறக்கினான்.

"இதுல உக்காந்தா எனக்குக் கால் தானாப் பிரேக்கைத் தேடுது" என்று அலுத்துக்கொண்டான்.

ஸ்பீக்கர் மட்டும் அப்பா தேர்ந்தெடுத்தது. பழைய சாமான் கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். "படம் மங்கலா இருந்தாப் பரவால்ல. வசனம் தெளிவாக் கேக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அம்மா போன இந்த ஒரு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான். அப்பாவை மறுபடி பேச வைக்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடும்!

ஒரு காலத்தில் அப்பா வாயை மூடினால்தான் அதிசயம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டிய ஊரில் தியேட்டர் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிடுவார். திங்கட்கிழமை லீவு. அவள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும்போது தெருப் பிள்ளைகள் எல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மழைக்கு உதட்டைக் குவித்து ஊதுவார். குதிரை ஓட டம்ளரைக் கவிழ்த்துத் தட்டுவார். வில்லனின் இருமல், கதாநாயகியின் விசும்பல் எல்லாம் அந்த ஒரே தொண்டையிலிருந்து வரும். என்ன நாட்கள் அவை!

அதிலும் ஐம்பது நாள் ஓடிய அந்த டீச்சர் கதையை அவள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். புருஷனிடம் கோபித்துக்கொண்டு டீச்சர் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய்விடுவாள். அவன் ஓடி வருவதற்குள் ரயில் கிளம்பிவிடும். "அவ்வளவுதான், போயிட்டாளேன்னு இவன் அழறான். அப்ப பின்னாலேருந்து கலகலன்னு ஒரு சிரிப்பு! திரும்பிப் பாத்தா, தண்ணிக் குழாய்கிட்ட பெட்டியோட நிக்கறா!" அந்த இடத்தில் சமையலறையிலிருந்து அம்மாவும் சிரிப்பாள்.

அந்தப் படத்தைத்தான் தேடாத இடமெல்லாம் தேடி, அவள் இன்று பிடித்து வைத்திருந்தாள்.

"நடுவுல உக்காருங்கப்பா. ஓசிப் படத்துக்கு என்ன கூச்சம்?"

அப்பா சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தாள். படம் ஆரம்பித்தது.

ஒவ்வொரு வசனத்தையும் திரையில் இருப்பவர்கள் சொல்வதற்கு முன்பே அப்பாவின் உதடு சொன்னது. ஒரு வார்த்தை பிசகவில்லை. கணவன் அவளைத் தட்டி, 'பார்த்தாயா' என்று ஜாடை காட்டினான். டீச்சர் முதல்முறை திரையில் வந்தபோது மட்டும் அப்பா முன்னால் சாய்ந்தார்.

"இவளா?" என்றார் மெதுவாக.

பழைய ஞாபகம் பொங்குகிறது என்று மகளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

கடைசியில் ஸ்டேஷன் வந்தது. ரயில் கூவியது. அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அவ சிரிப்பா, பாருங்க!"

கலகலவென்று சிரிப்பும் வந்தது. ஆனால் சிரித்தது டீச்சர் இல்லை. யாரையோ வழியனுப்ப வந்த கும்பலில் எவளோ ஒருத்தி. ரயில் டீச்சரோடு போயே போய்விட்டது. புருஷன் மட்டும் நின்றான். படம் முடிந்தது.

"என்னப்பா இது? நீங்க சொன்ன கதை இப்படி இல்லையே!"

"முடிவை மாத்தி எடுத்த காப்பியா இருக்கும்" என்று கணவன் எழுந்து விளக்கைப் போட்டான்.

அப்பா வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் நிறைந்திருந்தன.

"போயிட்டாளா பாப்பா?"

"அப்பா?"

"அந்த அம்பது நாள்ல, லீவு போக, தினம் மூணு ஷோ கேட்டேன். அந்தச் சிரிப்பு அவளோடதுன்னே நெனச்சுட்டேன்."

"கேட்டீங்களா? பாக்கலியா?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் குடுக்கறவன், அத்தனை வண்டியையும் விட்டுட்டு எப்படிம்மா உள்ள போக முடியும்?"