பத்திரமான இடம்

நண்பன் பாலாஜியிடம் விளையாட்டாக வாங்கிவந்த கதிர்வீச்சு மீட்டர் அது. செவிலிமேட்டில் கட்டிய புது வீட்டின் கிரானைட் தரையில் வைத்ததும், வாசலில் காட்டியதைப் போல் இரண்டு மடங்கு காட்டியது.  தேவேந்திரன் உடனே பாலாஜிக்குப் போன் போட்டான்.

"கல்லுல இயற்கையாவே கொஞ்சம் யுரேனியம், தோரியம் இருக்குதுபா. ஊருக்கு ஊரு கல்லும் மண்ணும் மாறுது, அளவும் மாறுது. இதுக்குப் போயி பயந்துக்கினு இருக்காதே."

எப்படிப் பயப்படாமல் இருப்பது? இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியிருக்கிற கரு. மனைவி ஜீவிதாவுக்கு இது ஐந்தாம் மாதம்.

"இனிமே நீ இங்க இருக்கக் கூடாது. பிரசவம் வரைக்கும் உங்க அம்மா வீட்டுல இரு."

"இந்தக் கல்லைப் பார்த்துப் பார்த்துப் போட்டதே நீங்கதானே?" என்று சிரித்தாள் அவள். அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவளை அழைத்துக்கொண்டு ரயிலேறினான்.

மறுநாள் காலை, மணவாளக்குறிச்சியில் கடலோரமாக இருந்த மாமியார் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. இங்கே எவ்வளவு குறைகிறது பார்ப்போம் என்று, கறுப்பு மணலில் மீட்டரை வைத்தான் தேவேந்திரன். எண் விறுவிறுவென்று ஏறியது. கிரானைட் தரையில் காட்டியதைப் போல் பத்து மடங்கைத் தாண்டியும் நிற்கவில்லை.

"ஜீவி, கீழே காலை வைக்காதே! நம்ம வீட்டுக்கே போயிடலாம்!" என்று கத்தினான்.

அவளோ இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தவழ்ந்ததே இந்த மண்ணுலதாங்க. அம்மா இங்கதான் ஏழு பெத்தாங்க. ஏழு பேரும் நல்லாத்தான் இருக்கோம்."