பக்கம் நூற்றுப் பதினான்கு

கிழியும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவள் நினைக்கவில்லை.

இருமினாள். அதற்குள் கிழித்து முடித்திருந்தாள்.

தாள் சீருடைக் கோட்டுக்குள், வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. மூச்சு விட்டால் மொடமொடத்தது.

நூலகர் தலை நிமிர்ந்தார்.

அவள் புத்தகத்தை மூடினாள். மாவட்டம் பிரிந்து இருபத்தைந்து வருடம் ஆனதற்காகப் போட்ட கையேடு. மை வாசனை இன்னும் போகவில்லை. அடுத்த வாரம் வினாடி வினா. பள்ளியிலிருந்து அவளைத்தான் அனுப்புகிறார்கள். மாவட்டத்துக்குள் ஆறு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, வருவாய்க் கிராமங்கள் எத்தனை, எந்த வெள்ளத்தில் எந்தக் கரை உடைந்தது, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அவள் ஊரும் இருந்தது. பெயரைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

'நாணல்படுகையார், வெள்ளக் காலத்தில் ஆற்றோடு வருவனவற்றைத் திருடிப் பிழைப்பவர். நம்பத் தகாதவர்.'

எந்தத் துரை எந்தக் காலத்தில் எழுதி வைத்ததோ. யாரோ உட்கார்ந்து அதைத் தமிழாக்கியிருக்கிறார்கள். யாரோ பிழை திருத்தியிருக்கிறார்கள். ஓர் ஒற்றுகூட விட்டுப்போகவில்லை.

போன ஆடிப்பெருக்கில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் சுழலில் போனார்கள். தாசில்தார் ஜீப் நேராக நாணல்படுகைக்குத்தான் வந்தது. அப்பா மூன்று மணி நேரம் மூழ்கி மூழ்கித் தேடினார். இரண்டாவது பையனின் கையில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அதைக்கூடக் கழற்றாமல், அப்படியே தூக்கிவந்து அவன் அம்மா முன்னால் கிடத்தினார்.

அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

நூலகர் எழுந்து வந்துகொண்டிருந்தார்.

கோட்டைக் காட்டு என்பார். எந்த ஊர் என்பார்.

அவள் ஊரைச் சொன்னால் போதும். அந்த வரி உண்மையாகிவிடும்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதினைந்து. விரல் நின்றது.

அவள் கோட்டை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அட, ஒரு தாளையே காணுமே. பைண்டிங்காரன் தூங்கிட்டான் போல. மேடையில நின்னு நீ முழிச்சா, லைப்ரரிக்காரனத்தான் ஏசுவாங்க."

உள்ளே போய் அதே கையேட்டின் இன்னொரு பிரதியோடு வந்தார். அட்டையைச் சட்டையில் துடைத்து நீட்டினார்.

"இந்தா பாப்பா, இதை வச்சுப் படி. பெட்டி பெட்டியா வந்து கெடக்கு. ஒரு பள்ளிக்கூடம் விடாம அனுப்பச் சொல்லியிருக்காங்க."

அவர் திரும்பி நடந்தார்.

அவள் பிரித்தாள். நூற்றுப் பதினான்கு இருந்தது. அதே இடத்தில். அதே வரி.

கோட்டுக்குள் தாள் மொடமொடத்தது.

இத்தனையும் மனப்பாடம் செய்தவள், ஒரு கேள்வியை மட்டும் படிக்காமல் விட்டிருந்தாள்.

மாவட்டத்தில் மொத்தம் எத்தனை பள்ளிக்கூடங்கள்?