பாதம் கழுவப் போன தண்ணீர்

"எங்கே தொலைஞ்சான் இந்தச் சவரி?"

கோயில் வாசலுக்கும் பீடத்துக்குமாக நடந்து நடந்து உபதேசியார் அருள்நாதனுக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

அன்று பெரிய வியாழன். அரூர்ப் பக்கம் மழை பொய்த்து அது இரண்டாவது வருஷம். ஊர்க் கிணறு வறண்டு கிடந்தது. பாதம் கழுவும் சடங்குக்குத் தண்ணீர் கொண்டுவர, மாட்டு வண்டியில் பீப்பாயைக் கட்டிக்கொண்டு மத்தியானமே போனவன் சவரி. அடுத்த ஊர்க் கிணறு மூன்று மைல்தான். மணி ஐந்தரை ஆகிவிட்டது.

பீடத்துக்கு முன்னால், பங்குச் சாமியார் கால் கழுவுவதற்காக, இயேசுவின் அப்போஸ்தலர்களாகப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஆள் மதலைமுத்து. ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு இந்த வருஷம்தான் அவருக்கு அந்த இடம் கிடைத்தது. அவரை விட அவர் மனைவி இசபெல்லாவுக்குத்தான் தவிப்பு.

"உங்க வூட்டுக்காரர் காலு ஏற்கெனவே பளபளன்னு இருக்குதே, இதுல கழுவ என்ன இருக்குது?" என்றாள் பக்கத்தில் இருந்த சாலம்மாள்.

"பின்னே? சாமியார் கழுவி முத்தம் குடுக்கற காலு. அழுக்கோட நீட்ட முடியுமா? நானே சீயக்காய் போட்டுத் தேச்சுவிட்டேன்."

வண்டிச் சத்தம் கேட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

சவரி ஒரு செம்போடு இறங்கினான்.

"தண்ணி எங்கேப்பா?" என்றார் உபதேசியார்.

"இதாங்க. நெறையத்தான் மொண்டாந்தேன். வழியில ஒரு வூட்டுல கேட்டாங்க, குடுத்துட்டேங்க."

"ஒரு பீப்பாய் தண்ணியையுமா கேட்டாங்க?"

சவரி தலையைச் சொறிந்தான்.

"இருக்கறதைக் கொண்டாங்க" என்றார் சாமியார்.

ஒவ்வொரு காலிலும் நாலு சொட்டு. பதினோராவது ஆளோடு செம்பு தீர்ந்துபோயிற்று. மதலைமுத்துவின் காலை வெறும் துண்டால் துடைத்துவிட்டு எழுந்துவிட்டார் சாமியார்.

பூசை முடிந்ததும் இசபெல்லா வாசலிலேயே சவரியை மடக்கினாள்.

"ஏப்பா, எங்க வூட்டுக்காரர் காலைக் கண்டா உனக்கு ஆகாதா?"

"அப்படியில்லீங்கக்கா."

"சாமி காரியத்துக்குக் கொண்டாந்த தண்ணி. கேட்டவங்களுக்கெல்லாம் வாரி வுட்டுட்டு வந்து நிக்கறே. நாளைக்கு மோட்ச வாசல்ல கேட்டா என்னன்னு சொல்லுவே?"

"கேட்டாச் சொல்லிக்கறேங்க."

"எந்த வூடு? அதையாவது சொல்லு."

"மறந்துடுச்சுங்க."

"மறக்கறதுக்கு இது என்ன சேலம் டவுனா? இருக்கறதே நாப்பது வூடு" என்றாள் சாலம்மாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

உபதேசியாருக்குச் சிரிப்பு வரவில்லை. "உயிர்ப்புத் திருநாள் சப்பரத்துக்கு உன் வண்டி வேண்டாம் சவரி. வேற ஆளைப் பாத்துக்கறோம்."

சவரியின் முகம் சுண்டிப்போயிற்று. அவன் அப்பன் காலத்திலிருந்து அந்தச் சப்பரத்தை அவர்கள் வீட்டு மாடுகள்தான் இழுத்தன. ஏதோ சொல்ல வந்தவன், இசபெல்லாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"சரிங்க" என்றான். பிறகு மெதுவாக, "நீங்க சுருக்கா வூட்டுக்குப் போங்கக்கா."

"என்னை எதுக்கு வெரட்டறே?"

வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள் இசபெல்லா. வீட்டு வாசல் ஈரமாக இருந்தது. கொடியில் அலசின பாய் தொங்கியது. உள்ளே அண்டா, குடம், தவலை எல்லாம் நிறையத் தண்ணீர்.

வயிற்று வலி என்று காலையில் படுத்த மருமகள் வேளாங்கண்ணி, வெளுத்த முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போனதுக்கப்புறம் ஒரே வாந்தி பேதிங்க அத்தை. நாக்கு உள்ளே இழுத்துக்கிச்சு. பானையைப் பாத்தா சொட்டுத் தண்ணி இல்லை. இருந்ததெல்லாம் மாமா காலுக்கே தீந்துபோச்சு. வண்டிச் சத்தம் கேட்டுக் கத்தினேன்."

இசபெல்லா நிறைந்த தவலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சவரி அண்ணன்தான் உப்பு போட்டுத் தண்ணி குடுத்து, ராத்திரிக்கும் வேணும்னு எல்லாத்துலயும் ரொப்பி வெச்சுட்டுப் போச்சு. போறப்போ ஒண்ணுதான் சொல்லுச்சு: 'யாரு கேட்டாலும் இதைச் சொல்லிக்காதே தங்கச்சி. உங்க அத்தைக்குக் கோயில்ல தலைகுனிவாப் போயிடும்.'"